ஏறியாச்சு

இரண்டாவது பேருந்தும் காலியாகிவிட்டது. வழியெல்லாம் வாந்தி எடுத்துத் துவண்டுபோன ஒரு நாலாம் வகுப்புப் பெண்ணைத் தோளில் சாய்த்துக்கொண்டு கடைசியாக தேவிப்ரியா டீச்சர் இறங்கினாள். அவளுக்குப் பின்னால் காலித் தண்ணீர்க் கேனோடு விளையாட்டு ஆசிரியர் ஆகாஷ். அதற்குப் பிறகு யாரும் இல்லை. நிர்மலா படியேறி உள்ளே பார்த்தாள். சீட்டுகளுக்கு அடியில் சிப்ஸ் பாக்கெட்டுகள் கிடந்தன. அவள் மகள் சுபஸ்ரீ இல்லை.

"தேவி, சுபா எங்க?"

"மொத வண்டியில வந்திருப்பாளேக்கா. உன்னாண்ட வரல?"

"மொத வண்டி வந்தப்ப நான் கேட்டுலதான் நின்னுக்கினு இருந்தேன். அதுல வரல. உன்கூட வருவான்னுதான இவ்ளோ நேரம் பாத்துக்கினு இருக்கேன்."

தேவிப்ரியாவின் முகம் கொஞ்சம் மாறியது. உடனே தெளிந்தது. "இல்லக்கா, எனக்கும் பாதி வழியில டவுட்டு வந்துச்சு. வெள்ளிமல தாண்டி எறங்கும்போது ஆப்புல போட்டுப் பாத்தேன். ஏறியாச்சுன்னு காட்டிச்சு. மொத வண்டியிலதான் வந்திருக்கா. எறங்கி எங்கனா போயிருப்பா."

அந்தச் செயலியை எழுதியவளே நிர்மலாதான். கள்ளக்குறிச்சியில் இருந்த அந்தத் தனியார் பள்ளியில் அவள் கம்ப்யூட்டர் டீச்சர். போன வருடம் சுற்றுலா போன இடத்தில் பிள்ளைகளை எண்ணுவதற்குள் டீச்சர்களுக்குத் தொண்டை கட்டிப்போனது. இந்த வருடம் செல்போனிலேயே எண்ணிக்கொள்ளலாம் என்று அவளாகவே முன்வந்து செய்து கொடுத்தாள். தாளாளர் கந்தசாமி பிரேயரில் எல்லோர் முன்னாலும் சால்வை போர்த்தினார். வடக்கனந்தலில் கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சி வளர்ந்த பெண்ணுக்கு அது பெரிய விஷயம்தான், இல்லையென்று சொல்ல முடியாது.

இன்றைக்குக் கல்வராயன் மலை அருவிக்கு நாலாவதும் ஐந்தாவதும் போயின. சுபஸ்ரீ மூன்றாவது. அவள் போயிருக்கவே வேண்டியதில்லை. நிர்மலாவுக்குப் பத்தாம் வகுப்பு செய்முறைத் தேர்வு வேலை இருந்தது, பிள்ளை நானும் போகிறேன் என்று காலையில் அழுதது, தேவிப்ரியா கையைப் பிடித்து ஏற்றிக்கொண்டாள். ஆப்பில் பேரைப் போட நிர்மலா போனை வாங்கப் போனபோது, "நம்ம சுபாவுக்கு பேரு எதுக்குக்கா, என் மடியில உக்காந்துக்குனு வருவா" என்று சொன்னவளும் அவள்தான். நிர்மலாவும் சிரித்துக்கொண்டே கையை இழுத்துக்கொண்டாள். நம் ஊரில் எந்த வேனிலும் எந்தப் பந்தியிலும் இப்படிக் கணக்கில் சேராத பிள்ளைகள் நாலு பேர் உண்டு. சொந்தப் பிள்ளை, டீச்சர் பிள்ளை, டிரைவர் பிள்ளை. உரிமையுள்ள பிள்ளைக்குப் பேர் எழுதினால் அது என்னவோ பிரித்துப் பார்த்த மாதிரி ஆகிவிடும்.

தாளாளரின் அறையில் எல்லோரும் கூடினார்கள். கந்தசாமி தேவிப்ரியாவின் போனை வாங்கிக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார். சுபஸ்ரீ, ஏறியாச்சு. பச்சை நிறத்தில் நன்றாகத் தெரிந்தது. எந்த வண்டி என்று அது சொல்லாது. ஏறியாச்சா இல்லையா, அவ்வளவுதான் சொல்லும்.

"ஏறின புள்ள எறங்கித்தான ஆவணும்," என்றார். "கேட்டாண்ட அம்மாங்க கூட்டத்துல நழுவியிருக்கும். ஆகாஷ், பஸ் ஸ்டாண்டு பக்கம் போய்ப் பாரு. நான் ஸ்டேஷனுக்குப் போன் போடுறேன்."

பிள்ளைகளின் வீடுகளுக்குப் போன் போட்டுக் கேட்டார்கள். ஒருத்தி, சுபா பஸ்ஸில் டான்ஸ் ஆடினாள் என்றாள். இன்னொருத்தி, தனக்கு முறுக்கு கொடுத்தாள் என்றாள். காலையிலா சாயங்காலமா என்று யாரும் கேட்கவில்லை. அது போதும் என்று ஆகிவிட்டது. வந்த போலீஸ்காரரும் போனைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, கடைத்தெருக் கேமராக்களைப் பார்க்கப் போனார்.

நிர்மலாவும் ஓடினாள். பானிபூரி வண்டி, ஸ்டேஷனரிக் கடை, சுபா நின்று நின்று பார்க்கும் மீன்தொட்டிக் கடை. மூன்றாவது படிக்கிற பிள்ளை, ஊதாச் சுடிதார், இரட்டைச் சடை, பார்த்தீங்களா என்று கண்ணில் பட்டவர்களையெல்லாம் கேட்டாள். வீட்டுப் பூட்டு பூட்டியபடி இருந்தது. தூறல் பிடித்துக்கொண்டது. மேற்கே மலையிருந்த பக்கம் முழுக்கக் கருத்துக் கிடந்தது. பிள்ளைக் கடத்தல் என்று வாட்ஸ்அப்பில் வந்து போன படங்களெல்லாம் ஒன்றுவிடாமல் கண் முன்னால் வந்தன. பூட்டியிருந்த ஒரு மருந்துக்கடை வாசலில் ஒதுங்கி, கையோடு கொண்டுவந்திருந்த தேவிப்ரியாவின் போனை மறுபடி எடுத்தாள். வேறு எதைப் பார்ப்பது என்று தெரியாமல், சுபஸ்ரீ என்ற பேரைத் தொட்டு உள்ளே போனாள்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் அதன் பேரை முதல் தடவை தொட்ட நேரம் அதில் பதிவாகும். மற்ற எல்லாப் பிள்ளைகளுக்கும் அது காலை நேரம். சுபஸ்ரீக்கு மட்டும் மத்தியானத்துக்கு மேல். வண்டி வெள்ளிமலை தாண்டிக் கீழே இறங்கிக்கொண்டிருந்த நேரம்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. அவள் எழுதியது, அவளுக்குப் புரியாமல் யாருக்குப் புரியும்.

டீச்சர்களின் போன்களெல்லாம் பழசு. முதலில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அத்தனை பேரையும் ஆப்ஜெக்ட்டாக, ஆளுக்கொரு பதிவாக, முன்கூட்டியே உண்டாக்கிப் பட்டியலில் நிறுத்தி வைத்துப் பார்த்தாள், போன் மூச்சுத் திணறி நின்றது. அதனால் மாற்றி எழுதினாள். பட்டியல் காலியாகவே கிடக்கட்டும், எந்தப் பேரை யார் முதலில் கேட்கிறார்களோ அப்போது அந்தப் பிள்ளைக்கு உரிய ஆப்ஜெக்ட் உண்டானால் போதும். ஆள் வந்து இலையில் உட்கார்ந்த பிறகு தோசை ஊற்றுகிற மாதிரி. கம்ப்யூட்டர் படித்தவர்கள் வழக்கமாகச் செய்கிற காரியம்தான். போன் பறந்தது. புதிதாக உண்டாகிற பிள்ளைக்கு ஏதாவது ஒரு நிலை கொடுக்க வேண்டுமே, காலையில் ஏறும்போதுதானே முதலில் தொடுவார்கள் என்று, 'ஏறியாச்சு' என்று கொடுத்தாள். ஒரு பேர் இருக்கிறதா இல்லையா என்று மட்டும் பார்த்து, எதையும் உண்டாக்காமல் திரும்பி வருகிற வழி ஒன்றைத் தனியாக எழுத வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தாள்.

காலையில் ஆப்பில் சுபஸ்ரீயின் பேரை யாரும் தொடவில்லை. மலைப்பாதையில் தேவிப்ரியா பதறிப்போய், என் சுபா ஏறினாளா என்று அதைக் கேட்டிருக்கிறாள். அதுவரை பட்டியலில் இல்லாத பிள்ளையை அந்தக் கேள்விக்காகவே அது உண்டாக்கி, ஏறியாச்சு என்று சொல்லியிருக்கிறது. ஏறாத பிள்ளை.

பிள்ளை கடைத்தெருவில் இல்லை. கள்ளக்குறிச்சியிலேயே இல்லை. மலையில் விட்டுவிட்டு வந்துவிட்டார்கள். அருவிக்குப் பக்கத்தில். இந்த மழையில்.

அவள் திரும்ப ஓடி வந்தபோது தாளாளர் யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தார். அவள் சொன்னதைக் கேட்டுவிட்டுப் போனை மெல்ல வைத்தார்.

"இன்னாம்மா பேசுற நீ? காலைலேர்ந்து அத்தினி புள்ளைங்களுக்கும் கரெக்டா காட்டுன மிஷினு, உன் புள்ளைக்கு மட்டும் பொய் சொல்லுதா?"

"பொய் சொல்லலைங்க சார். நான் எழுதுனது தப்பு. அவ ஏறவே இல்ல. மலைலதான் இருக்கா. அருவிக்கு ஆள் அனுப்பச் சொல்லுங்க. உங்க கால்ல விழறேன்."

"மலையில டவரு இல்ல. மழ பேஞ்சா எவனுக்கும் போன் போவாது. எதுக்கும் இருக்கட்டும்னு பாரஸ்ட்டு ஆபீசுக்கு ரெண்டு தடவ போட்டுப் பாத்துட்டேன்." அவர் குரலைத் தாழ்த்தினார். "இந்தா பாரு, வண்டில ஏறிச்சுன்னு நம்ம கைல ரெக்கார்டு இருக்கு. அத நீயே இல்லன்னு சொன்னா, ஸ்கூலு புள்ளய காட்டுல வுட்டுட்டு வந்துடுச்சுன்னு ஆயிடும். நாளைக்கி எவன் நம்ம ஸ்கூல்ல புள்ளய சேப்பான்? பதட்டத்துல பேசாத. டவுன்லயே தேடுவோம், கெடைக்கும்."

கெட்ட மனிதர் இல்லை அவர். பயந்த மனிதர். பயந்தவன் கையில் ஒரு சான்று கிடைத்துவிட்டால் அதைப் பிடுங்குவது பெரும்பாடு. அழுது பிரயோஜனமில்லை என்று நிர்மலாவுக்குத் தெரிந்தது. போனை அவர் மேசைமேல் வைத்தாள். இரண்டு முறை எழுத்து தப்பியது. மூன்றாவது முறை சரியாக அடித்து அவர் பக்கம் திருப்பினாள்.

கந்தசாமி, ஏறியாச்சு.

அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். காலையிலிருந்து அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்காதவர்.

"நீங்க அருவிக்குப் போனீங்களா சார்?"

நிர்மலா நிமிர்ந்து, அவர் தலைக்கு மேலே சுவரில் மாலை போட்டிருந்த படத்தைப் பார்த்தாள். பள்ளியை ஆரம்பித்த அவருடைய அப்பா. போய்ச் சேர்ந்து பத்து வருடத்துக்கு மேலாகிறது. அந்தப் பேரையும் அடித்தாள்.

வரதப்பன், ஏறியாச்சு.

தேவிப்ரியா வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள். கந்தசாமி படத்தையும் போனையும் மாறி மாறிப் பார்த்தார். எழுந்து நின்று மேசையைப் பிடித்துக்கொண்டார்.

"கொளஞ்சியப்பா," என்று வாசல் பக்கம் பார்த்துக் கூப்பிட்டார். முதல் பேருந்தின் டிரைவர் கொளஞ்சியப்பன் ஓடி வந்தான். "என் கார எடு. மலைக்குப் போவணும். ஏறு நிர்மலா."

கச்சிராயபாளையம் சாலையில் கரும்பு லாரிகள் வரிசையாக எதிரே வந்தன. கொளஞ்சியப்பன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. நிர்மலாவின் கணவன் சரத்குமாருக்கு உளுந்தூர்பேட்டையில் லாரிப் பட்டறை. யாரோ சொல்லிக் கேள்விப்பட்டு அவனே கூப்பிட்டான்.

"ஏறினாளா இல்லியா? அத மட்டும் சொல்லு."

"ஏறல," என்றாள் நிர்மலா. அதை வாயால் சொன்ன பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. "நான் மலைக்குப் போய்க்கினு இருக்கேன். நீ வா."

அவன் என்னவோ கேட்டான். அணைக்கட்டைத் தாண்டியதும் இணைப்பு அறுந்துபோனது.

அதற்கு முன்னால் வடக்கனந்தல் வந்தது, போனது. அம்மா வீட்டுக்குத் திரும்புகிற தெருமுனையைக்கூட அவள் பார்க்கவில்லை. மலை ஏற ஏற மழை வலுத்தது. வளைவுகளில் செம்மண் தண்ணீர் சாலையைக் குறுக்கே அறுத்துக்கொண்டு ஓடியது. இங்கேயே இப்படி ஓடினால் அருவியில் எப்படி இருக்கும் என்று நினைத்தாள். நினைக்கக் கூடாது என்று நினைத்தாள். சுபாவுக்கு நீச்சல் தெரியாது. இடிக்குப் பயப்படுவாள். பசி தாங்க மாட்டாள். மத்தியானத்திலிருந்து யார் என்ன கொடுத்திருப்பார்கள். பிள்ளைகள் எல்லோரும் தண்ணீரில் இறங்கியபோது அவளும் இறங்கி, அப்போதே ஏதாவது ஆகி, யாரும் கவனிக்காமல்... அந்த நினைப்பை அவளால் முடிக்கவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை. கடவுளே, நான் இனிமேல் கம்ப்யூட்டரைத் தொடவே மாட்டேன் என்று வேண்டிக்கொண்டாள். அது கடவுளுக்கு எதற்கு என்றும் தோன்றியது.

மடியில் இருந்த போனில் அந்தப் பச்சை எழுத்து அப்படியே இருந்தது. சுபஸ்ரீ, ஏறியாச்சு. அதைப் பார்க்கப் பார்க்க ஆத்திரமாக வந்தது. அழித்துவிடலாம் என்று விரலைக் கொண்டுபோனாள். அழித்தால் பட்டியலில் சுபஸ்ரீ என்று ஒருத்தியே இல்லாமல் போவாள். விரல் மேலேயே நின்றது. போனைக் குப்புறக் கவிழ்த்து வைத்தாள்.

"என் மேலதாம்மா தப்பு," என்றார் கந்தசாமி முன் சீட்டிலிருந்து. "நீ வந்து சொன்னப்பவே கெளம்பியிருக்கணும்." அவரைத் திட்டக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

அருவிக்கு முன்னால் வண்டிகள் நிறுத்துகிற இடம் காலியாகக் கிடந்தது. மதியம் அங்கே ஐந்தாறு பள்ளிக்கூடத்து வண்டிகள் நின்றதாகக் கொளஞ்சியப்பன் சொன்னான். கடைகளைத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டுப் போயிருந்தார்கள். தண்ணீர் விழுகிற சத்தம் காதை அடைத்தது. எங்கே போய்த் தேடுவது என்று தெரியாமல் நிர்மலா காரை விட்டு இறங்கி, அருவிப் பக்கம் பார்த்து ஓட ஆரம்பித்தாள்.

"யம்மா, இங்க," என்று ஒரு குரல் கேட்டது.

வண்டிகள் திரும்புகிற இடத்தில் ஒரு பலாமரம். அதன் அடியில், சாக்கை மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு ஒரு மலைக்காரப் பெண் நின்றிருந்தாள். சோளக்கதிர் விற்கிற தைலம்மாள். அவள் பிடித்திருந்த பிளாஸ்டிக் தாளுக்குக் கீழே, சொட்டச் சொட்ட நனைந்த ஊதாச் சுடிதாரில் சுபஸ்ரீ.

"உம்புள்ளயா?" என்றாள் தைலம்மாள். "மத்தியானத்துலேர்ந்து இங்கயே நிக்கிது. எல்லாரும் போயிட்டாங்க, என் வூட்டுக்கு வா கண்ணு, சோறு துன்னுட்டு குந்துன்னு எவ்ளோ கூப்ட்டேன். ஒரு அடி நவுர மாட்டேங்குது. அதான் நானும் நிக்கிறேன். பேரக் கூப்புடுவாங்களாம்."

பிள்ளை அவளைப் பார்த்தது. உதடெல்லாம் வெளிறி, பல் கிட்டி, அம்மாவைப் பார்த்தும் இடத்தை விட்டு அசையாமல் நின்றது.

"சுபஸ்ரீ," என்றாள் நிர்மலா.

பிள்ளை வலது கையைத் தூக்கியது. "பிரசன்ட் மிஸ்," என்றது. பிறகு நடந்து வந்தது.

காரில் தாளாளரின் துண்டாலும் தன் புடவைத் தலைப்பாலும் மாற்றி மாற்றித் துவட்டினாள். உடம்பு அனலாகக் கொதித்தது. தைலம்மாள் கொடுத்த கதிரைச் சுபஸ்ரீ கையில் வைத்துக்கொண்டிருந்தாளே தவிர, கடிக்கவில்லை.

"ஏன்டி கத்தல? வண்டி போவுதே, நானும் வரேன்னு கத்த வேணாமா?"

"ஆகாஷ் சார் போனப் பாத்து பேரு கூப்ட்டாரு. பேர் கூப்ட்டவங்கதான் ஏறணும், கூப்டாதவங்க யாரும் வரக்கூடாதுன்னாரு. மழ வந்துச்சா, நான் மரத்தாண்ட நின்னுக்கினு கேட்டேன். எல்லார் பேரும் கூப்ட்டாரு. என் பேரு கடைசில வரும்னு நெனச்சேன்." பல் கிட்டியதில் கொஞ்சம் நிறுத்தினாள். "கதவ சாத்திட்டாங்க. அப்புறம் வேற வண்டி வந்து கூப்புடும்னு நெனச்சேன்."

கொளஞ்சியப்பன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கண்ணைத் துடைத்துக்கொண்டான். கந்தசாமி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"என் பேரு அதுல இல்லியாம்மா?"

செத்தவர் பேரைக் கேட்டாலும் இருக்கிறது என்று சொல்லுகிற ஒன்றைச் செய்தவள் அவள். பிள்ளை அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது, ஏதாவது சொல்லித்தான் ஆகவேண்டும்.

"இல்ல கண்ணு. நான் போடல."

சுபஸ்ரீ கதிரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அப்ப இன்னிக்கி நான் டூருக்கு வரவேயில்லியா?"

நிர்மலா அவளை அப்படியே இழுத்து நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். "வந்தடி. வந்த," என்று சொல்லிச் சொல்லி அழுதாள். அந்தப் பிள்ளை நம்பின மாதிரி தெரியவில்லை.